ரயில் சேவையை ஒப்பந்தத்தில் கொடுப்பது: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ரயிலைக் கம்பெனிக்குக் குடுக்கப் போறாங்களாம்" என்ற பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை எங்கள் ஊரில் கிளம்பும். கிளம்பினால் ஸ்டேஷனிலும் தேத்தண்ணிக் கடையிலும் கல்யாண வீட்டிலும் அதே சந்தேகங்கள்தான். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர்கள் போனில் ஆளுக்கொன்று சொல்லி அதை இன்னும் குழப்புவார்கள். பயணிகள் ரயில் சேவையை அரசாங்கங்கள் எப்படி ஒப்பந்தத்தில் கொடுக்கின்றன, அதை மக்களுக்கு எப்படி அறிவிக்கின்றன என்பதை நெடுநாளாகப் படித்துவருவதால் என்னிடம் வந்து கேட்பவர்கள் அதிகம். கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதியிருக்கிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுவது அரசா தனியாரா என்று சண்டை பிடிப்பதற்கு முன்னால் பார்க்கவேண்டிய இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது? கையெழுத்துப் போடுமுன் அது பயணிகளுக்குச் சொல்லப்பட்டதா? இந்த இரண்டிலும் கோட்டைவிட்ட நாடுகள் இரண்டு வழியிலும் அடிவாங்கியிருக்கின்றன.

இப்ப எங்கட கோச்சியை ஆர் ஓட்டுறாங்க? அரசாங்கமா, கூட்டுத்தாபனமா?

அரசாங்கத் திணைக்களம். பஸ் ஓட்டும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) போல ஒரு சபையோ கூட்டுத்தாபனமோ இல்லை. 1864-ல் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸைக்கு முதல் ரயில் ஓடியது. எங்கள் பாதை மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தது 1928-ல். மாகோவில் பிரிந்து, கல்ஓயாவில் திருகோணமலைப் பாதையை விட்டுவிட்டு, பொலன்னறுவை, வெலிகந்தை, புனாணை, வாழைச்சேனை, ஏறாவூர் வழியாக வரும் ஒற்றைத் தண்டவாளம். தண்டவாளம், பெட்டி, சிக்னல், டிக்கெட் கவுண்டர் எல்லாமே அதே திணைக்களத்தின் கையில்.

திணைக்களம் என்பதால் டிக்கெட் காசு அரசாங்கத்தின் திரட்டு நிதியத்துக்குப் போகிறது, செலவுக்கான பணம் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்படுகிறது. கணக்குக் கேட்பதும் கோபா என்கிற அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு. கூட்டுத்தாபனங்களை விசாரிக்கும் கோப் குழு வேறு. ஆக, இன்றைக்கு எங்கள் பாதையில் ஓடும் உதயதேவி ரயில் இத்தனை மணிக்கு வந்து சேரவேண்டும் என்று யாரோடும் ஒப்பந்தம் கிடையாது. நேர அட்டவணை இருக்கிறது, ஆனால் அதை மீறினால் யாரும் யாருக்கும் தண்டம் கட்டுவதில்லை.

அப்ப "ரயில்வே டெண்டர்" எண்டு பேப்பரில அடிக்கடி வருதே, அது என்ன?

அது பெரும்பாலும் வேறு விஷயம். ரயில் சம்பந்தமாக மூன்று வகைக் கேள்விப்பத்திரங்கள் (டெண்டர்கள்) உண்டு. முதலாவது எஞ்சினும் பெட்டியும் வாங்குவது. இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை இந்த வகை. இரண்டாவது பாதை போடுவது. போருக்குப் பிறகு வடக்குப் பாதையை இந்தியக் கடனில் இர்கோன் நிறுவனம் திரும்பப் போட்டது. மாத்தறையிலிருந்து பெலியத்த வரையான பாதை சீனக் கடனில் போடப்பட்டு 2019-ல் திறக்கப்பட்டது. கொழும்புக்கு ஜப்பான் கடனில் வரவிருந்து 2020-ல் நிறுத்தப்பட்ட இலகு ரயிலும் இதே வகைதான்.

மூன்றாவது, பயணிகளை ஏற்றி இறக்கும் சேவையையே இத்தனை வருடத்துக்கு என்று ஒருவரிடம் ஒப்படைப்பது. இந்தப் பக்கம் முழுக்க இந்த மூன்றாவது வகையைப் பற்றியது. "ரயில்வேயை வித்திட்டாங்க" என்று வரும் செய்திகளில் பல, முதல் இரண்டு வகையைப் பார்த்துக் கிளம்பியவை. செய்தியைப் படித்ததும் இது எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

சேவை ஒப்பந்தம் எண்டா அதில என்னென்ன எழுதுவாங்க?

எந்தப் பாதையில், ஒரு நாளைக்கு எத்தனை ரயில், முதல் ரயிலும் கடைசி ரயிலும் எத்தனை மணிக்கு, எந்தெந்த ஸ்டேஷனில் நிற்கவேண்டும், எத்தனை ஆசனம், கழிப்பறை எப்படி இருக்கவேண்டும், கட்டணத்தை யார் தீர்மானிப்பது, எவ்வளவு பிந்தினால் எவ்வளவு தண்டம், வேலையாட்களின் சம்பளமும் ஓய்வூதியமும் என்னாகும், பெட்டிகள் யாருடையவை, ஒப்பந்தம் முடியும்போது எவற்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் வரும். நல்ல ஒப்பந்தம் நூற்றுக்கணக்கான பக்கம் ஓடும்.

தண்டவாளம் அநேகமாக அரசின் கையிலேயே இருக்கும். பிரித்தானியா அதையும் ரெயில்டிராக் என்ற தனியார் கம்பெனிக்குக் கொடுத்துப் பார்த்தது. 2000-ல் ஹட்ஃபீல்டில் தண்டவாளம் உடைந்து ரயில் தடம்புரண்டு 4 பேர் இறந்தார்கள். அடுத்த வருடமே அந்தக் கம்பெனி நொடித்தது, 2002-ல் நெட்வேர்க் ரெயில் என்ற லாப நோக்கமற்ற அமைப்பின் கைக்குத் தண்டவாளம் போனது.

கம்பெனி லாபத்துக்குத்தானே ஓடும்? மறுகா அரசாங்கம் ஏன் அதுக்குக் காசு குடுக்கோணும்?

உலகத்தில் பெரும்பாலான பயணிகள் ரயில் டிக்கெட் காசில் மட்டும் ஓடுவதில்லை. காலையில் நிறைந்தும் மத்தியானம் காலியாகவும் போகும் ரயிலை, ஆள் குறைந்த ஊர்களில் நிற்கும் ரயிலை, எந்தக் கம்பெனியும் தானாக ஓட்டாது. அந்த ரயில் வேண்டும் என்று அரசு நினைத்தால் வித்தியாசத்தை அரசு கட்டவேண்டும். அதனால் இந்த டெண்டரில் போட்டி பல நேரம் தலைகீழாக நடக்கும்: "இந்தச் சேவையை ஓட்ட எனக்கு ஆகக்குறைந்தது இவ்வளவு மானியம் போதும்" என்று சொல்பவர் முன்னுக்கு வருவார்.

இது எங்களுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சிசு சரிய பஸ்ஸுக்கு அரசு பணம் கொடுப்பது இதே தத்துவத்தில்தான்.

ஆள் ஏறாம நஷ்டம் வந்தா அது ஆரின்ட தலையில விழும்?

என்னைக் கேட்டால் இதுதான் முழு விஷயத்தின் மையம். வயல் சொந்தக்காரரான போடியார் ஒருவர் வயலை இரண்டு விதமாகச் செய்விக்கலாம். ஏக்கருக்கு இத்தனை மூடை என்று குத்தகைக்கு விட்டால், வெள்ளம் வந்து அழிந்தாலும் குத்தகைக்காரர் அந்த மூடையைத் தரவேண்டும். நல்ல விளைச்சல் வந்தால் மிச்சம் அவருக்கு. கூலி கொடுத்துச் செய்வித்தால் வேலை செய்தவருக்குக் கூலி நிச்சயம். வெள்ளமும் விளைச்சலும் போடியாருடையவை.

ரயில் ஒப்பந்தமும் இந்த இரண்டு வகைதான். ஒன்றில் டிக்கெட் வருமானம் கம்பெனிக்குப் போகும், ஏற்ற இறக்கமும் அதனுடையது. மற்றதில் டிக்கெட் காசு முழுவதும் அரசுக்கு. ஓட்டிய கிலோமீற்றருக்கும் நேரம் தவறாமைக்கும் கம்பெனிக்குக் கட்டணம். ஜேர்மனியில் 1996-இலிருந்து மாநிலங்களே உள்ளூர் ரயில் சேவைகளை ஏற்பாடு செய்கின்றன, அங்கே இரண்டு வகையும் உண்டு. பிரித்தானியா பல வருடம் முதல் வகையில் இருந்தது. 2020-ல் கொரோனா வந்து ரயில்கள் காலியானதும், சேவை நின்றுபோகாமல் இருக்க அரசாங்கம் நட்டத்தைத் தன் தலையில் ஏற்று, கம்பெனிகளை இரண்டாம் வகைக்கு மாற்றியது. ஒரு நாட்டில் "கம்பெனி ஓட்டுது" என்று கேள்விப்பட்டால் அதில் எந்த வகை என்று தெரியாமல் எதையும் முடிவுகட்டக்கூடாது.

டெண்டர் எண்டா ஆகக் குறைஞ்ச விலைக்குக் கேட்டவருக்குத்தானே?

அப்படிச் செய்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பொதுவான நடைமுறை இப்படிப் போகும். முதலில் முன்தகுதி: ரயில் ஓட்டிய அனுபவம், பணபலம், பாதுகாப்புப் பதிவு ஆகியவற்றைப் பார்த்து மூன்று நான்கு பேரைத் தெரிவு செய்வார்கள். பிறகு கேள்விப்பத்திரம் வெளியாகும். வந்த மனுக்களில் சேவைத் தரத்துக்குப் புள்ளி, விலைக்குப் புள்ளி. கடைசியில் இந்த விலைக்கு இவரால் உண்மையிலேயே ஓட்ட முடியுமா என்ற சோதனை. அந்தக் கடைசிச் சோதனையில்தான் பல நாடுகள் சறுக்கின.

லண்டனிலிருந்து எடின்பரோ போகும் கிழக்குக் கரையோரப் பாதையைப் பாருங்கள். ஜிஎன்இஆர் என்ற கம்பெனி அரசுக்குப் பெருந்தொகை கட்டுவதாக ஒப்புக்கொண்டு 2006-ல் முடியாமல் போனது. அடுத்து வந்த நஷனல் எக்ஸ்பிரஸ் 140 கோடி பவுண் தருவதாகச் சொல்லி 2009-ல் கைவிட்டது. அரசாங்கமே சில வருடம் ஓட்டிவிட்டு, 2015-ல் ஸ்டேஜ்கோச்சும் வேர்ஜினும் சேர்ந்த கம்பெனிக்குக் கொடுத்தது. அவர்கள் 8 வருடத்தில் 330 கோடி பவுண் கட்டுவதாக ஏற்றார்கள். 2018 ஜூனில் அதுவும் முடிந்து அரசிடமே திரும்பியது. ஒரே பாதை, ஒரே தவறு, மூன்று முறை. ஆசையில் கூட்டிக் கேட்டவரை அரசும் ஆசையில் ஏற்றுக்கொண்டது. குத்தகை உதாரணத்தை இங்கே நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்: கொடுக்கமுடியாத மூடைக் கணக்குக்கு ஒப்புக்கொண்ட குத்தகைக்காரர் பாதிப் போகத்தில் ஓடிவிடுவார்.

எதிர்ப்பக்கத்திலும் இது நடக்கும். ஜேர்மனியில் அபெலியோ நிறுவனம் ஆகக்குறைந்த விலையில் பல பாதைகளை வென்றது. சம்பளமும் பாதை வேலைகளால் வந்த தாமதத் தண்டங்களும் கூடக்கூடத் தாங்கமுடியாமல் 2021-ல் நொடிப்பு நடவடிக்கைக்குப் போனது. 2022 பெப்ரவரியில் வடரைன் வெஸ்ட்பாலியாவில் அதன் பாதைகளை வேறு நிறுவனங்கள் அவசரமாக எடுத்து ஓட்டவேண்டி வந்தது.

லண்டனில இருக்கிற அண்ணன் "இங்க எல்லாம் பிரைவேட்" எண்டுறார், மச்சான் "அரசு திரும்ப எடுத்திட்டு" எண்டுறார். ஆர் சொல்றது சரி?

இருவரும் வெவ்வேறு வருடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். 1993-ல் போட்ட சட்டத்தால் பிரித்தானிய ரயில்வே துண்டாடப்பட்டது. பயணிகள் சேவை 25 துண்டுகளாகத் தனியாருக்கு ஒப்பந்தத்தில் போனது, 1996-ல் முதல் தனியார் ரயில்கள் ஓடின. இப்போது 2024 நவம்பரில் நிறைவேறிய சட்டம், ஒப்பந்தங்கள் முடிய முடியச் சேவைகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்கிறது. 2025 மே மாதம் சவுத் வெஸ்டர்ன் ரெயில்வே முதலாவதாக அப்படி மாறியது. மற்றவை ஒவ்வொன்றாக மாறுகின்றன. நிறமும் பெயரும் உடனே மாறாததால் ரயிலில் ஏறுபவருக்கு வித்தியாசம் தெரியாமல் இருக்கலாம்.

சுவிஸில டெண்டரே இல்லாம நல்லா ஓடுதே, எப்படி?

அங்கே ஓட்டும் பெரிய கம்பெனியான எஸ்பிபி முழுக்க அரசுக்குச் சொந்தம். உள்ளூர்ச் சேவைகளை மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து "இந்தப் பாதையில் இத்தனை ரயில் வேண்டும்" என்று எழுதிக்கொடுத்து, நட்டத்தைக் கட்டுகின்றன. அதாவது ஓட்டுபவர் அரசுக் கம்பெனியாக இருந்தும் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. எங்களிடம் இல்லாதது இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த வருட நேர அட்டவணையின் வரைவை அங்கே கோடையிலேயே வெளியிட்டு, எந்தப் பயணியும் கருத்து எழுதலாம் என்று சில வாரம் திறந்து வைக்கிறார்கள். டிசம்பரில்தான் அட்டவணை மாறும். தனியார்மயம் பற்றி என்ன கருத்து இருந்தாலும், இந்த ஒரு பழக்கத்தை நாளைக்கே இங்கே தொடங்க எந்தத் தடையும் இல்லை.

ஒருத்தருக்குக் குடுத்தாச்செண்டு அறிவிச்ச பிறகு அதை ரத்துச் செய்யேலுமா?

முடியும். கையெழுத்துக்கு முன்னால் அறிவிப்பது என்பது "கொடுக்க உத்தேசித்திருக்கிறோம்" என்ற அறிவிப்புத்தான். ஐரோப்பிய நடைமுறையில் அதற்கும் கையெழுத்துக்கும் நடுவில் சில நாள் இடைவெளி விடுவார்கள், தோற்றவர்கள் ஆட்சேபிப்பதற்காக. 2012 ஓகஸ்டில் பிரித்தானியாவின் மேற்குக் கரையோரப் பாதையை ஃபேர்ஸ்ட்குரூப்புக்குக் கொடுப்பதாக அறிவித்தார்கள். அதுவரை ஓட்டிய வேர்ஜின் நீதிமன்றம் போனது. அரசாங்கம் தன் கோப்பை மறுபடி பார்த்தபோது, ஒவ்வொரு மனுதாரரும் வைக்கவேண்டிய ஈட்டுத் தொகையைக் கணக்கிட்டதிலேயே பிழை இருப்பது தெரிந்தது. ஒக்டோபர் 3-ஆம் திகதி எல்லாம் ரத்து. மனுச் செய்த கம்பெனிகளுக்குச் செலவைத் திருப்பிக் கொடுக்கவே சுமார் 4 கோடி பவுண் போனது.

இந்தக் கதையில் நான் மதிப்பது ஒன்று: பிழையை அமைச்சர் பகிரங்கமாகச் சொன்னார், சுயாதீன விசாரணை வைத்து அறிக்கையையும் வெளியிட்டார்கள். அதனால்தான் இன்று எங்களுக்கு இவ்வளவு விவரமும் தெரிகிறது.

இந்தியாவில பிரைவேட் ரயில் விடப் போறம் எண்டாங்களே, என்ன நடந்தது?

2020 ஜூலையில் 109 வழித்தட இணைகளில் 151 ரயில்கள், 35 வருட ஒப்பந்தம், தனியார் முதலீடு 30,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2021-ல் விலை கேட்க வந்தவர்கள் மிகச் சிலர், அவர்களில் ஒன்று ரயில்வேயின் சொந்தக் கம்பெனியான ஐஆர்சிடிசி. திட்டம் கைவிடப்பட்டது. தண்டவாளமும் சிக்னலும் ஓட்டுநரும் போட்டியாளரான ரயில்வேயின் கையிலேயே இருக்க, ஆள் ஏறாத அபாயம் மட்டும் தன்னுடையது என்றால் யார் வருவார்கள்?

எங்கட நாட்டில இப்பிடி எப்பவாவது நடந்திருக்கா? இனி நடக்கேலுமா?

சிறிய அளவில் நடந்திருக்கிறது. 2011 அளவில் ராஜதானி எக்ஸ்பிரஸ், எக்ஸ்போ ரெயில் என்று தனியார் சொகுசுப் பெட்டிகள் திணைக்கள ரயில்களோடு இணைக்கப்பட்டு ஓடின. அது பெட்டியை இணைக்கும் ஏற்பாடு. ரயிலை ஓட்டியது திணைக்களம்தான்.

முழுச் சேவையை ஒப்பந்தத்தில் கொடுப்பதென்றால் முதலில் ஒரு சிக்கலை அவிழ்க்கவேண்டும். ஒப்பந்தத்துக்கு இரண்டு தரப்பு வேண்டும்: சேவையை வாங்கும் அரசு, ஓட்டும் அமைப்பு. இங்கே இரண்டும் ஒரே திணைக்களம். அதைப் பிரிக்காமல் எந்த டெண்டரும் அரைகுறையாகத்தான் இருக்கும். மற்றது கண்காணிப்பு. அரசாங்கக் கொள்வனவுகளைக் கவனிக்கும் தேசிய பெறுகை ஆணைக்குழு 2015-ல் 19-ஆம் திருத்தத்தால் வந்து, 2020-ல் 20-ஆம் திருத்தத்தால் போய், 2022-ல் 21-ஆம் திருத்தத்தால் திரும்ப வந்தது. அதன் புதிய வழிகாட்டல்கள் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளன. பத்து வருடம் ஓடும் ரயில் ஒப்பந்தத்தை மேற்பார்க்கும் அமைப்பே ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வந்து போனால் அது பெரிய பலவீனம். எந்தக் கட்சிக்காரரிடமும் இதை நான் சொல்லத் தயங்குவதில்லை.

இதையெல்லாம் சனத்துக்கு எப்ப சொல்லோணும்? கையெழுத்துப் போட்ட பிறகா?

முன்னதாக. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1370/2007 விதியின்படி, ஒரு பயணிகள் சேவையை டெண்டரில் விடவோ நேரடியாக ஒருவருக்குக் கொடுக்கவோ போகிறவர்கள், குறைந்தது ஒரு வருடத்துக்கு முன்பே அதை அதிகாரபூர்வ ஏட்டில் பிரசுரிக்கவேண்டும்: யார் கொடுக்கிறார்கள், எந்தப் பிரதேசத்துச் சேவை, எந்த முறையில். பிறகு வருடாவருடம், எந்தச் சேவைக்கு எவ்வளவு பணம் கொடுத்தோம் என்ற அறிக்கையும் போடவேண்டும். பிரித்தானியாவில் தனியாருக்குக் கொடுத்துவந்த காலத்தில், கேள்விப்பத்திரம் எழுதுவதற்கு முன்னாலேயே பயணிகளிடம் கருத்துக் கேட்டார்கள். பின்பு, வந்த கருத்துகளில் எதை ஏற்றோம், எதை ஏன் ஏற்கவில்லை என்று தனி ஆவணம் வெளியிட்டார்கள். அதில் ஏற்கவில்லை என்ற பகுதிதான் முக்கியம். அரசு கேட்டதா, கேட்டமாதிரி இருந்ததா என்பது அங்கேதான் தெரியும்.

எங்கள் சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, ஒரு திட்டம் தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன் அது பற்றிய தகவலைப் பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிப்பது அமைச்சரின் கடமை என்கிறது. உள்நாட்டுப் பணமென்றால் 5 லட்சம் ரூபாவுக்கும், வெளிநாட்டுப் பணமென்றால் 1 லட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு இது பொருந்தும். ரயில் சேவை ஒப்பந்தம் என்று ஒன்று வந்தால் அந்தத் தொகையைத் தாண்டாமல் இருக்காது. அமைச்சரவைத் தீர்மானம் பத்திரிகையில் நாலு வரியாக வந்ததைக் காட்டி "அறிவித்துவிட்டோம்" என்று சொல்லவிடக்கூடாது. ஏறாவூரில் நிற்குமா நிற்காதா என்பது அந்த நாலு வரியில் இருக்காது.

"வியாபார இரகசியம்" எண்டு சொல்லி ஒப்பந்தத்தைக் காட்டமாட்டாங்களே?

டெண்டர் நடக்கும்போது ஒருவரின் விலை மற்றவருக்குத் தெரியக்கூடாது. அது நியாயமான இரகசியம். பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகள் போட்டியிட்டால் முடிவை ஒரே நேரத்தில் எல்லாருக்கும் சொல்லவேண்டும். அதனால்தான் லண்டனில் இத்தகைய அறிவிப்புகள் பங்குச் சந்தை திறக்கும் முன், காலை 7 மணிக்கு வருவது வழக்கமாக இருந்தது. ஆனால் கையெழுத்தான பிறகு, சேவை மட்டமும் தண்டமும் இரகசியமாக இருக்க நியாயம் இல்லை. பிரித்தானியாவில் சில தொகைகளை மட்டும் மறைத்துவிட்டு மிச்ச ஒப்பந்தத்தைப் பிரசுரித்தார்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு வியாபார இரகசியத்துக்கு விலக்குக் கொடுக்கிறது, உண்மைதான். அதே பிரிவு, பரந்த பொதுநலன் வேண்டினால் அதையும் வெளியிடலாம் என்கிறது. கேட்கிறவர்கள் "ஒப்பந்தத்தைத் தாருங்கள்" என்று மொத்தமாகக் கேட்காமல், "மட்டக்களப்புப் பாதையில் நாளொன்றுக்கு எத்தனை ரயில் என்று எழுதப்பட்டிருக்கிறது? எந்த ஸ்டேஷன்கள்? பிந்தினால் என்ன தண்டம்?" என்று பிரித்துக் கேட்டால் மறுப்பது கடினம். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவு வரவேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதற்கு மேல் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

நான் டீச்சர். என்ர வாரண்டும் சீசனும் செல்லுபடியாகுமா?

ஒப்பந்தத்தில் எழுதினால் செல்லும், எழுதாவிட்டால் பிரச்சினைதான். அரச ஊழியர் வாரண்டு (இலவசமாக ரயிலில் போகக் கொடுக்கும் பத்திரம்) என்பது கடைசியில் அரசின் ஒரு பை இன்னொரு பைக்குச் செய்யும் உதவி. ஓட்டுவது வேறு கம்பெனி என்றால் ஒவ்வொரு வாரண்டுக்கும் அரசு உண்மையாகவே பணம் கட்டவேண்டும். மாணவர் சீசனும் அப்படியே. சலுகைக் கட்டணம் எல்லாவற்றையும் ஒப்பந்தத்தின் இணைப்பில் பெயர் சொல்லிப் பட்டியலிடுவதுதான் மற்ற நாடுகளின் வழக்கம். தொழிற்சங்கங்கள் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் பற்றிப் பேசுவதுபோல, ஆசிரியர் சங்கங்கள் இதைப் பற்றி முன்கூட்டியே கேட்கவேண்டும்.

ஆள் காணாது எண்டு எங்கட பாதையை விட்டுட்டு, கண்டிப் பாதையை மட்டும் கம்பெனிக்குக் குடுத்தா?

இந்தப் பயம் நியாயமானது. லாபமுள்ள பாதையைத் தனியாகக் கொடுத்தால், அந்த லாபம் எங்கள் பாதையின் நட்டத்தை ஈடுகட்டுவது நின்றுவிடும். இதைத் தடுக்க இரண்டு வழி: லாபப் பாதையையும் நட்டப் பாதையையும் ஒரே பொதியாகக் கட்டிக் கொடுப்பது, அல்லது நட்டப் பாதைக்கு மானியத்தை வரவு செலவுத் திட்டத்தில் தனி வரியாகக் காட்டுவது. நான் இரண்டாவதை விரும்புகிறேன். பொதியாகக் கட்டினால் எங்களுக்கு எவ்வளவு செலவாகிறது என்பது யாருக்கும் தெரியாது. தெரியாததைச் சத்தமில்லாமல் வெட்டலாம். தனி வரியாக இருந்தால் வெட்டுகிறவர் பாராளுமன்றத்தில் வெட்டவேண்டும்.

நாங்க கல்முனை ஆக்கள். அம்பாறை மாவட்டத்தில ரயிலே இல்ல, எங்களுக்கு இதில என்ன?

கல்முனைக்கும் அதற்கு அப்பாலும் பாதை நீட்டுவது நான் மேலே பிரித்த இரண்டாவது வகை, கட்டுமானம். அது சேவை ஒப்பந்தத்தால் வராது. ஆனால் நல்ல சேவை ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இணைப்பு பஸ்ஸையும் அதற்குள் எழுதுவார்கள்: ரயில் வந்த இத்தனை நிமிடத்தில் பஸ் புறப்படவேண்டும், ரயில் பிந்தினால் பஸ் காத்திருக்கவேண்டும், ஒரே டிக்கெட். கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை ஆட்கள் மட்டக்களப்புக்கு வந்துதான் ரயில் எடுக்கிறார்கள். கருத்துக் கேட்பு என்று ஒன்று நடந்தால் அது அம்பாறை மாவட்டத்திலும் நடக்கவேண்டும் என்று கேளுங்கள். தண்டவாளம் இல்லை என்பதற்காகப் பயணிகள் இல்லை என்றாகிவிடாது.

கம்பெனிக்காரன் இடையில விட்டுட்டுப் போனா கோச்சி நிண்டுபோகுமா?

நிற்கக்கூடாது, அதற்கு முன்னேற்பாடு வேண்டும். மெல்பேர்னில் 2002 டிசம்பரில் நஷனல் எக்ஸ்பிரஸ் ரயிலையும் டிராமையும் கைவிட்டுப் போனது. மாநில அரசு நிர்வாகிகளை நியமித்து அடுத்த நாளும் ரயிலை ஓடவிட்டது. கிழக்குக் கரையோரப் பாதையிலும் அரசு வைத்திருந்த ஒரு கம்பெனி எடுத்து ஓட்டியது. பெட்டியும் தொழிலாளர்களும் டிக்கெட் கணினியும் உடனே கைமாறும்படி ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால்தான் இது முடியும். அந்த வேலையைத் தெரிந்த ஆட்கள் அரசிடமும் மிச்சம் இருக்கவேண்டும். எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டால் திரும்ப எடுப்பதற்கு ஆள் இருக்காது.

யானைக்காக மெதுவாப் போய்ப் பிந்தினா தண்டம் ஆருக்கு?

வெலிகந்தைப் பக்கத்து ஓய்வுபெற்ற ரயில் உத்தியோகத்தர் ஒருவர் கேட்டது. எனக்கு வந்த கேள்விகளில் ஆகச் சிறந்தது இதுதான். பிரித்தானியாவில் 3 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தினால், அது தண்டவாளத்துக்காரரின் குற்றமா ரயில்காரரின் குற்றமா என்று ஒவ்வொன்றையும் பதிந்து பிரிப்பார்கள். எங்கள் பாதை ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் ரயிலுக்காகக் காத்திருக்கும் நேரம் யாருடையது என்பதே பெரிய வழக்காகும். அதற்கு மேல் யானை. 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பகுதியில் ரயில் மோதி 6 யானைகள் இறந்தன.

பிந்தினால் தண்டம் என்று பொதுவாக எழுதிவிட்டால், ஓட்டுநரை வேகமாகப் போகச் சொல்லும் ஆசை கம்பெனிக்கு வரும். ஆகவே யானை நடமாடும் பகுதிகளில் வேகக் கட்டுப்பாட்டால் வரும் தாமதத்தைத் தண்டத்திலிருந்து விலக்கவேண்டும். அந்தக் கட்டுப்பாட்டை மீறினால் பிந்தியதற்கான தண்டத்தைவிடப் பல மடங்கு தண்டம் வைக்கவேண்டும். நேர அட்டவணையையும் அந்த வேகத்துக்கே போடவேண்டும், இரவு ரயிலுக்குத் தனியாக.